செல்லுமா, செல்லாதா?
(ஒரு நினைவு நாணயம் பிறக்கும் கதை)

- மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை



உங்கள் பையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருந்தால் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படியுங்கள். நடுநடுவே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கம்மா பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்பவர். 2018-ல் நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரில் திடீரென்று ஒரு பேச்சு கிளம்பியது. "பத்து ரூபா காசு செல்லாதாம்!" யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் டீக்கடையில் வாங்கவில்லை, பஸ்ஸில் வாங்கவில்லை. அம்மா விடியற்காலையில் பூ எடுக்கப் போகும் இடத்திலும் வாங்கவில்லை. முழம் போட்டு விற்றுச் சேர்த்த காசு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தோம். 43 நாணயங்கள், 430 ரூபாய். அன்றைக்கு அது எங்களுக்கு மறுநாள் வியாபாரத்துக்கான முதல்.

அம்மா அதையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "இதுல புலி போட்டிருக்கு. இதுல கட்டடம் போட்டிருக்கு. இதுல யாரோ ஒரு ஆளு. கவர்மெண்டே மாத்தி மாத்தி அடிச்சா நாங்க எதைடா நம்புறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவர் யாரும் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. காசு ஒரு பால்பவுடர் டப்பாவில் ஏறிப் பரணுக்குப் போய்விட்டது.

இந்த வருடம் மெட்ராலஜி லேபில் வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அந்த டப்பா ஞாபகம் வந்தது. நாலைந்து காசுகளை எடுத்து வந்து அளந்தேன். எல்லாமே 27 மில்லிமீட்டர் விட்டம். தராசில் வைத்தேன். எல்லாமே 7.7 கிராமை ஒட்டித்தான் நின்றன. படம்தான் வேறு வேறு, சரக்கு ஒன்றே! அப்படியானால் படத்தை யார் மாற்றுகிறார்கள், யார் அனுமதி கொடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நினைவு நாணயம் என்றால் என்ன?

ஒரு தலைவரையோ, நிறுவனத்தையோ, நிகழ்ச்சியையோ போற்றும் வகையில் அரசு தனிப் படம் பொறித்து வெளியிடுவதுதான் நினைவு நாணயம். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-ல் நேரு மறைந்த பிறகு அவர் உருவத்தோடு வந்தது. 1969-ல் காந்தி நூற்றாண்டு நாணயங்கள் வந்தன. நமக்கு நெருக்கமானவையும் உண்டு. 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் உருவத்தோடு நாணயம் வந்தது. 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-ம் ஆண்டு பொறித்து 1000 ரூபாய் நாணயமே அடித்தார்கள்!

இதில் இரண்டு வகை இருக்கிறது. 5, 10 ரூபாய் மாதிரி சிறிய மதிப்பில் வருபவை பல நம் கையில் புழங்குகின்றன. 75, 100, 1000 என்று பெரிய மதிப்பில் வருபவை கடைக்குப் போவதற்காக அடிக்கப்படுவதில்லை. சேகரிப்பவர்கள் நாணயச் சாலையிடம் தனி விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

யார் கேட்பது, யார் கொடுப்பது?

நம்மில் பலர் நாணயம் அடிப்பது ரிசர்வ் வங்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாணயம் அடிக்கும் உரிமை மத்திய அரசுக்குத்தான். அடித்ததைப் புழக்கத்தில் விடுவதுதான் ரிசர்வ் வங்கியின் வேலை. முன்பு 1906-ம் வருடத்துச் சட்டம் இருந்தது. இப்போது இருப்பது 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டம். நாணயத்தின் மதிப்பு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதும், அளவு, வடிவம், உலோகம் எல்லாவற்றையும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் முடிவு செய்யும் என்பதும் அதில் இருக்கிறது.

இன்னாருக்கு நாணயம் வேண்டும் என்று ஓர் அமைச்சகமோ, மாநில அரசோ, வாரியமோ, அறக்கட்டளையோ கோரிக்கை வைக்கும். அது நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்குப் போகும். கொள்கை அளவில் சரி என்று ஆன பிறகுதான் வடிவமைப்பு வேலை நாணயச் சாலைக்கு வரும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நான்கு ஊர்களில் நாணயச் சாலைகள் இருக்கின்றன. வரைந்த படம் மறுபடி அமைச்சகத்துக்குப் போகும். திருத்தம் இருந்தால் திரும்பி வரும். நம்ம டிராயிங் ஷீட் கதைதான்!

வட்டத்துக்குள் ஒரு போராட்டம்

ஒரு பக்கத்தில் கலைஞருக்குச் சுதந்திரம் மிகக் குறைவு. அசோகத் தூணின் சிங்கமுகம், அதன் கீழே 'சத்யமேவ ஜயதே', இருபுறமும் இந்தியில் 'பாரத்', ஆங்கிலத்தில் 'இந்தியா', பிறகு மதிப்பு. மறுபக்கம்தான் நினைவுப் படத்துக்கு. அங்கும் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும், ஆண்டு வர வேண்டும். இவ்வளவும் ஒரு சின்ன வட்டத்துக்குள். பத்து ரூபாயில் இன்னொரு தொல்லை, அது இரண்டு உலோகம். வெளி வளையமும் நடு வட்டமும் சேரும் கோடு குறுக்கே வருவதால் முகத்தை நடுவிலும் எழுத்தை வளையத்திலும் அடக்க வேண்டியிருக்கிறது.

அழகாக இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பவர் என்ன நினைப்பார் என்றும் யோசிக்க வேண்டும். 2006 வாக்கில் ஒரு 2 ரூபாய் நாணயம் வந்தது. நாலு பக்கமும் நீளும் கோடுகள், நடுவே நாலு புள்ளிகள். 'வேற்றுமையில் ஒற்றுமை' என்பதுதான் கரு. ஆனால் பலர் அதைச் சிலுவை என்று பார்த்தார்கள், சர்ச்சை ஆயிற்று. 2007-ல் விரல் முத்திரை காட்டும் கை வந்தது. நாலே நாலு கோடு செய்த வேலையைப் பார்த்தீர்களா?

கெஜட் என்பது நம்ம ஸ்பெசிஃபிகேஷன்

எல்லாம் முடிவானதும் அரசிதழில் அறிவிக்கை வரும். அதைப் படித்தபோது எனக்குப் பழகின பாஷை மாதிரியே இருந்தது. 2023 மே 28-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறந்தபோது 75 ரூபாய் நாணயம் வெளியிட்டார்கள் அல்லவா? வட்ட வடிவம், விட்டம் 44 மில்லிமீட்டர், விளிம்பில் 200 பற்கள், உலோகம் 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். எந்த எழுத்து எந்தப் பக்கம் என்பது வரை எழுதியிருக்கிறார்கள்.

எடை 35 கிராம் என்று ஒரே எண்ணாக நிற்கவில்லை. 34.65 முதல் 35.35 கிராம் வரை இருக்கலாம். இது என்ன நண்பர்களே? நம்ம டாலரன்ஸ்தானே! நாணயச் சட்டத்தில் இதற்கு 'ரெமெடி' என்று பெயர். கெஜட் எழுதினவரும் நம்ம மெட்ராலஜி சாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு காசுக்கு உயிர் கொடுப்பது இந்த அறிவிக்கைதான். புலியோ கட்டடமோ எது இருந்தாலும் கெஜட்டில் ஏறியிருந்தால் அது செல்லும்.

டை, பிளாங்க், காலர்

இனி நம்ம துறை. ஒப்புதலான படத்தை நாணயத்தைவிடப் பல மடங்கு பெரிதாகப் பிளாஸ்டரில் புடைப்பாகச் செய்வது பழைய முறை. பான்டோகிராஃப் மாதிரியான ரெடியூசிங் மெஷினில் ஒரு முனை பெரிய மாடலைத் தடவிக்கொண்டே போக, மறுமுனையில் கட்டர் அதே உருவத்தைச் சின்னதாக எஃகில் செதுக்கும். இப்போது கம்ப்யூட்டரில் வடிவமைத்து சி.என்.சி. மெஷினில் செதுக்கும் வசதி வந்துவிட்டது.

புடைத்திருக்கும் மாஸ்டரை எஃகில் அழுத்தினால் குழிந்த டை கிடைக்கும். அந்த டையைக் கடினப்படுத்தி நாணயத்தில் அடித்தால் மறுபடி புடைப்பு. எழுத்து டையில் இடவலம் மாறி இருந்தால்தான் காசில் நேராக வரும். புடைப்பின் பக்கச் சுவர்கள் செங்குத்தாக இருக்கக் கூடாது, லேசாகச் சாய வேண்டும். இல்லாவிட்டால் காசு டையில் ஒட்டிக்கொள்ளும். பவுண்டரியில் பேட்டர்னுக்கு டிராஃப்ட் கொடுக்கிறோமே, அதே காரணம். ஒரு பக்கம் முகம் ரொம்பப் புடைத்திருந்தால் உலோகம் எல்லாம் அங்கே ஓடிவிடும். பின்பக்கத்துச் சிங்கம் மழுங்கிப்போகும். ஆகவே கலைஞர் வரைந்த மூக்கு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதை பிரஸ்ஸும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இன்னொரு பக்கம் உலோகத்தைத் தகடாக உருட்டி வட்டமாக வெட்டுவார்கள். இதுதான் பிளாங்க். அதைச் சூடாக்கி மிருதுவாக்கி, அமிலத்தில் கழுவி, ஓரத்தை உயர்த்துவார்கள். பிறகு இரண்டு டைகளுக்கு நடுவே காலரில் வைத்து ஒரே அடி! இரண்டு பக்கமும் படம், காலரில் இருக்கும் பற்கள் விளிம்பில். பத்து ரூபாய் என்றால் வளையமும் நடுப்பகுதியும் அந்த அடியிலேயே இணைந்துவிடும்.

ஆண்டு எண்ணின் கீழே பாருங்கள். வைரக்கட்டி மாதிரி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சின்னப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையா? அப்படியானால் கொல்கத்தா.

புலி வந்த கதை

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். டப்பாவில் இருந்த புலி, பனைமரத்தோடு நிற்கும் ரிசர்வ் வங்கியின் சின்னம். அந்த வங்கியின் 75 ஆண்டு நிறைவுக்காக (1935-2010) வந்த காசு. கட்டடம், நாடாளுமன்றத்தின் 60 ஆண்டுக்காக 2012-ல் வந்தது. 'யாரோ ஒரு ஆளு' யார் தெரியுமா? அணு விஞ்ஞானி ஹோமி பாபா! கயிறு வாரியத்தின் 60 ஆண்டுக் காசும் (1953-2013) இருந்தது.

"கோடு பத்து இருந்தா நல்ல காசு, பதினைஞ்சு இருந்தா கள்ளக் காசு" என்று ஒரு கணக்கும் ஊரில் ஓடியது. உண்மை இதுதான். 2010-ல் ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றுக்கொண்டது. அதை வடிவமைத்த டி. உதயகுமார் தமிழர் என்பது நமக்குப் பெருமை. 2011 முதல் அந்தக் குறியீடு ஏறிய புது வடிவத்தில் பத்துக் கோடு. அதற்கு முந்தைய காசில் குறியீடு கிடையாது, பதினைந்து கோடு. இரண்டுமே நல்ல காசு!

2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று சொன்னது. எங்கம்மாவின் காசு திரும்பி வந்ததும் அதே வருடம்தான். அறிக்கை வந்த பிறகும் எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான் நண்பர்களே. ஒரு காசுக்குப் பின்னால் இத்தனை கையெழுத்து, இத்தனை சோதனை. கோரிக்கையிலிருந்து கெஜட் வரை எல்லாரும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் கெஜட் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. அதைப் பூக்கடையில் யார் படிப்பார்கள்? அந்தக் காசைக் கடைசியாகக் கையில் வாங்கப் போகிறவருக்கு "இப்படி ஒரு புதுப் படம் வருது" என்று சொல்ல மட்டும் ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்த இடைவெளியில்தான் வதந்தி நுழைந்தது. நஷ்டம் தினம் 10 ரூபாய்க் காசில் பிழைப்பவர்களுக்கு.

கள்ளக் காசே கிடையாது என்று நான் சொல்லவில்லை. படம் வேறாக இருப்பது கள்ளக் காசுக்கு அடையாளம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

டப்பா இறங்கியது

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை செல்லும். எங்களுடையது 430 தானே! கவுண்டரில் எண்ணி வாங்கிக்கொண்டு கணக்கில் வரவு வைத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காக அந்தக் காசு இத்தனை வருடம் பரணில் கிடந்திருக்கிறது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "பேங்க்ல வாங்கிட்டாங்க, சரி. நாளைக்கு பஸ்ஸுல வாங்குவாங்களா?"

நியாயமான கேள்வி. இதற்குக் கெஜட் பதில் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். நம்மில் பலர் நம் வீட்டின் முதல் டிப்ளமோக்காரர்கள். படித்ததைத் தேர்வுத் தாளில் மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், பஸ்ஸிலோ கடையிலோ யாராவது "இது செல்லாது" என்றால் அரை நிமிடம் நின்று விளக்கிவிட்டுப் போவோம். நமக்குக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வோம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் காசைத் திருப்பிப் பாருங்கள். அதில் என்ன படம்?