குளோரின் இருந்தும் குளம் பச்சையாவது ஏன்?

கலந்துரையாடலின்போது நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “ஐயா, பேரப்பிள்ளைகளுக்காக வீட்டில் நீச்சல் குளம் கட்டினோம். குளோரின் மாத்திரை தவறாமல் போடுகிறோம். சோதித்தால் குளோரின் இருப்பதாகவே காட்டுகிறது. அப்படியும் தண்ணீர் பச்சையாகிறது. மாத்திரை மட்டமானதா?”

மாத்திரையின் மீது பழி போட வேண்டாம். அதில் குளோரினோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பொருளைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

நம் நாட்டு வெயிலில், திறந்த குளத்தில் வெறும் குளோரின் தாக்குப்பிடிக்காது. காலையில் ஊற்றினால் பிற்பகலுக்குள் பெரும்பகுதி போய்விடும். அதைக் காப்பதற்காகவே சயனூரிக் அமிலம் சேர்க்கிறார்கள். கடையில் ‘ஸ்டெபிலைசர்’ என்றால் தெரியும். வெயிலுக்குக் குடை பிடிப்பது போலத்தான். ஆனால் குடை பிடித்த கையால் வேறு வேலை பார்க்க முடியுமா? ஸ்டெபிலைசர் கூடக் கூட, குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துகொண்டே போகும். சோதனைக் கருவியோ, அதனுடன் பிணைந்து கிடக்கும் குளோரினையும் சேர்த்தே கணக்குக் காட்டும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். குளிக்கும் குழந்தை விழுங்கும் தண்ணீரில் கிருமி சாகாமல் இருக்கும்.

வீடுகளில் போடும் மாத்திரை பெரும்பாலும் ‘டிரைகுளோர்’ வகை. 10 பிபிஎம் குளோரின் சேர்ந்தால், கூடவே சுமார் 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் சேரும். (1,000 லிட்டர் நீரில் 1 கிராம் என்பதே 1 பிபிஎம்.) நாளுக்கு 3 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில் ஒரே மாதத்தில் 50 பிபிஎம்முக்கு மேல் சேர்ந்துவிடும். குளோரின் தீர்ந்துபோகும், ஸ்டெபிலைசர் ஆவியாவதில்லை. மழையில் குளம் நிரம்பி வழியும்போதும், வடிகட்டியைக் கழுவும்போதும் கொஞ்சம் வெளியேறும். அவ்வளவுதான்.

வீட்டுக் குளத்திற்கு 30 முதல் 50 பிபிஎம் ஸ்டெபிலைசர் போதும். குளோரின் அதில் ஏறக்குறைய 7.5 விழுக்காடு இருக்க வேண்டும். அதாவது 40க்கு 3. ஸ்டெபிலைசர் 100 ஆகிவிட்டால் குளோரின் 7.5 தேவை, அப்போது 3 வைத்துக்கொண்டால் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்? கூரைக்குள் இருக்கும் குளத்திற்கு ஸ்டெபிலைசரே வேண்டாம்.

அந்த நேயர் ஸ்டெபிலைசரை ஒரு முறைகூடச் சோதித்ததில்லை என்றார். முதலில் அதைச் சோதிக்க வேண்டும். 100 காட்டினால் பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுநீர் விட்டால் 50க்கு இறங்கும். 40,000 லிட்டர் குளத்தில் 20,000 லிட்டரைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. ஆனாலும் இதுவே நிச்சயமான வழி. குளத்தை முழுவதும் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் வெறும் குளத்தை அது தூக்கிவிடும்.

பிறகு மாத்திரையை நிறுத்தி, திரவக் குளோரினுக்கு மாறலாம். அதில் ஸ்டெபிலைசர் கிடையாது. மாலையில் ஊற்றுங்கள். ஒரு வகைக் குளோரினை இன்னொரு வகையோடு கலக்கவே கூடாது. ஒன்றுக்குப் பயன்படுத்திய கரண்டியையும் மற்றதில் வைக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும்.

இன்னொன்று. கண் எரிந்து, மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் “குளோரின் அதிகம்” என்கிறோம். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் வாடை. அங்கே நல்ல குளோரின் போதவில்லை என்றே பொருள்.

தண்ணீர் தெளிந்து, ஆழமான பக்கத்தின் அடித்தரை கண்ணுக்கு நன்றாகத் தெரியும்வரை பேரப்பிள்ளைகளை இறக்க வேண்டாம் என்று அந்த நேயரிடம் சொன்னோம்.