மின்னணு மூளையும் எங்கள் மீன் வண்டியும்

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

மூலக்கொத்தளத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு சிறிய டீசல் வேன் நிற்கும். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்த வண்டியால்தான். நள்ளிரவு கடந்ததும் என் தந்தையார் அதை எடுத்துக்கொண்டு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குப் போவார். விடிவதற்குள் மீன் பெட்டிகளை வில்லிவாக்கம் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புவார். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், பேசின் பாலத்து ஏற்றத்தில் வண்டி திடீரென்று நின்றுவிட்டது. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்பியது. மறுநாளும் இதே கதை. ஐஸ் உருகினால் மீனுக்கு விலையில்லை. நேரத்திற்கு வராத வண்டிக்குச் சரக்கும் இல்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்த சோதனைகளில் நான் கற்றதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டிக்கு மூளை வந்த கதை

எண்ணூரில் ‘அசோக் மோட்டார்ஸ்’ என்ற பெயரில் 1948-இல் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ‘அசோக் லேலண்ட்’ ஆனதை நம் வட்டாரத்தார் அறிவர். அக்காலத்து லாரிகளில் கணிப்பொறி கிடையாது. டீசலை அளந்து கொடுக்கும் வேலையைப் பல்சக்கரமும் சுருள்வில்லும் கொண்ட ஒரு பம்பே பார்த்துக்கொண்டது. பின்னர் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. பாரத் நிலை நான்கு என்னும் அளவுகோல் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு 2010-இலும், நாடு முழுவதற்கும் 2017-இலும் வந்தது. 2020-இல் நிலை ஆறு வந்தது. இத்தனை கறாராக எரிபொருளை அளக்க இரும்புப் பம்பினால் இயலவில்லை. ஆகவே என்ஜினுக்கு ஒரு கணிப்பொறி தேவைப்பட்டது. பட்டறைகளில் இதை ‘ஈ.சி.எம்.’ என்பார்கள்.

எங்கள் வண்டியில் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள ஓர் அலுமினியப் பெட்டி. என்ஜின் சுழலும் வேகம், நீரின் வெப்பம், ஓட்டுநர் காலால் அழுத்தும் அளவு, டீசல் குழாயின் அழுத்தம் ஆகியவற்றை ‘சென்சார்’ என்னும் உணர்விகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குழாயில் டீசல் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் காத்திருக்க, எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்று கணிப்பொறி முடிவு செய்யும். அந்த நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான்!

அவசரத்தின் விலை

முதலில் பார்த்த பட்டறைக்காரர் மீட்டரைத் தொடாமலே, “ஈ.சி.எம். போயிடுச்சு, மாத்திடுங்க” என்றார். கடன் வாங்கி 9,000 ரூபாய்க்கு, பார்வைக்கு அதேபோல் இருந்த பழைய பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். என்ஜின் கிளம்பவே இல்லை. சாவிக்குள் இருக்கும் சிறு சில்லின் அடையாளத்தைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டால்தான் டீசல் பாயும் என்பதும், வேறொரு வண்டியின் பெட்டிக்கு எங்கள் சாவி அந்நியன் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு எங்களையே வெளியே நிறுத்தியது. பணம் போனது போனதுதான். பழைய பெட்டியையே மீண்டும் மாட்டினோம்.

சோதனை முறை

பிறகு எங்கள் பகுதியிலேயே வேலை செய்யும் ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனோம். அவர் கணிப்பொறியைக் கடைசியில்தான் தொட்டார். “தம்பி, நீ பிசிக்ஸ் படிக்கிறியே, மீட்டரைப் பிடி” என்று என்னையும் வேலையில் இழுத்துவிட்டார்.

முதற்படி பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட், என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட். குறையில்லை.

இரண்டாவது ‘எர்த்’ கம்பி. பேட்டரியின் எதிர்முனைக்கும் கணிப்பொறியின் எர்த் முனைக்கும் இடையே மின்னோட்டம் பாயும்போது அளந்தால், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எங்கள் வண்டியில் 0.8 காட்டியது. வகுப்பில் படித்த ஓமின் விதிதான் இது. இணைப்பில் துருவென்னும் தடை இருந்தால் அங்கே மின்னழுத்தம் விழத்தானே செய்யும்? அடிச்சட்டத்தில் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து முறுக்கியதும் வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மீண்டும் நின்றது.

மூன்றாவது, செய்திக் கம்பிகள். ‘கேன்’ எனப்படும் இந்த இரட்டைக் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால், பக்க இணைப்பின் விதிப்படி 60 ஓம் வர வேண்டும். சரியாக வந்தது.

நான்காவதுதான் முடிச்சை அவிழ்த்தது. வண்டி நின்ற நேரத்தில் ஸ்கேனர் கருவி மூன்று சென்சார்களைக் குற்றம் சாட்டியது. மூன்றும் ஒரே நேரத்தில் கெடுமா? மூன்றுக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும். கணிப்பொறி அவற்றுக்கு அளிக்கும் 5 வோல்ட் மின்சாரமே அது. அளந்தபோது 2 வோல்ட்டுக்கும் குறைவாக இருந்தது. ஏதேனும் ஒரு சென்சார் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டாலும், கம்பி உரசினாலும் இப்படி ஆகும். ஆகவே மூன்று சென்சார்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம், ஏறவில்லை. கணிப்பொறியின் வாயிலேயே அந்தக் கம்பியை விலக்கிவிட்டு அளந்தோம், அப்போதும் ஏறவில்லை. பெட்டி குளிர்ந்ததும் தானே 5 வோல்ட் வந்தது. தங்கையின் தலைமுடி உலர்த்தும் கருவியால் பெட்டிக்கு இதமாகச் சூடு காட்டினோம். பத்து நிமிடத்தில் 5 வோல்ட் சரிந்தது. உள்ளே வரும் மின்சாரமும் எர்த்தும் சரியாக இருக்க, வெளியே வருவது மட்டும் தவறினால் குற்றவாளி வேறு யார்?

முதற்பட்டறைக்காரர் சொன்னது பலித்துவிட்டதே என்று நண்பர்கள் கேட்கலாம். பலித்ததுதான். ஆனால் குருட்டாம்போக்கில் பலித்தது. எது கெட்டது என்று அவர் சொன்னார். ஏன் கெட்டது என்று சொல்லவில்லை. மூடியைத் திறந்தபோது அதற்கும் விடை கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் வண்டியின் தளம் வரை நீர் ஏறியிருந்தது. ஐஸ் உருகி ஒழுகும் உப்புநீரோ அன்றாட விருந்தாளி. இரண்டும் சேர்ந்து, இற்றுப்போன ரப்பர் வளையத்தின் வழியே உள்ளே கசிந்து, மின்சுற்றுப் பலகையை ஆறு மாதமாக அரித்திருந்தன. காரணத்தை நீக்காமல் புதியதை மாட்டியிருந்தால் அதுவும் அவ்வழியே போயிருக்கும்.

மாற்றிய விதம்

தந்தையார் சீட்டை எடுத்து 36,000 ரூபாய் கட்டினார். பெட்டியின் மேலிருந்த பாக எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்கினோம். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே பழையதை எடுத்தோம். புதியதன் முனைகளை விரலால் தொடவில்லை. உடலில் தேங்கும் நிலைமின்சாரமே அதற்குப் போதிய எமன். பிறகு வண்டிக்குரிய நிரலை ஏற்றி, சாவியை அறிமுகப்படுத்தி, ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டையும் பதிவு செய்தார்கள். முக்கியமாக, பெட்டியை இருக்கையின் அடியிலிருந்து மேலே ஏற்றிப் பொருத்தினோம். கம்பிகளைச் சற்றுத் தொய்வாக விட்டோம். நீர் வழிந்தால் தொய்வின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

நம் வட்டாரத்தில் வண்டி வைத்திருப்போர் மறக்கக்கூடாதவை மூன்று. பேட்டரி இறங்கினால் பக்கத்து லாரியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். லாரிகளில் பெரும்பாலும் இருப்பது 24 வோல்ட். கணிப்பொறியின் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றாமல் வெல்டிங் வைக்காதீர்கள். வண்டி கழுவும்போது இருக்கையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள்.

நோய் இன்னதென்று கண்டு, அது எதனால் வந்தது என்பதையும் கண்ட பின்னரே மருந்து தேட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறுகிறார். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருந்தேன். பொருள் விளங்கியது எங்கள் வேனின் அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான். அதற்குப் பின் வந்த மழைக்காலத்தையும் வண்டி நிற்காமல் கடந்துவிட்டது. 9,000 ரூபாய் பழைய பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. எறிந்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும்டா, பார்க்கும்போதெல்லாம் புத்தி வரும்” என்றார் தந்தையார்.