வீட்டுக்கு ஒரே சட்டி போதும்

மலாக்காவில் பத்து பெரண்டாம் பக்கம் எந்தத் தாமானில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும், தண்ணி கலக்கும் முன்பே அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி வருகிறது: "உங்களுக்குச் சீனி போடலாமா?" கேட்காமல் போடும் காலம் மலையேறிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்புநீர் இருக்கிறது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். எதில் முந்துவது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

மருந்து கிளினிக்கில் கிடைக்கிறது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். ஆனால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வீட்டு அடுப்படி.

மரம் சீவிய காலத்துச் சோறு

நம் முன்னோர் ரப்பர்த் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்றவர்கள். வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். 400, 500 மரம் சீவி, பால் எடுத்து, காண்டா வாளி சுமந்து ஸ்டோருக்கு வருவதற்குள் தின்ற சோறெல்லாம் வியர்வையாகப் போய்விடும். அந்த உடம்புக்கு அந்தச் சோறு சரி.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின. பிள்ளைகள் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்கு வந்தார்கள். 1973இல் சீமென்ஸ் தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்ஃபினியோன். மின்னணு ஆலைகளில் பெரும்பாலும் ஒரே இடத்து வேலை, அதுவும் ஷிப்ட் முறையில். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, ரொட்டி சானாயும் கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் முடித்துப் படுத்தால் உடம்பு என்ன செய்யும்? அந்தக் கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. வேலை மாறிவிட்டது, தட்டில் சோற்றின் உயரம் மட்டும் தாத்தா காலத்திலேயே நிற்கிறது.

தனிச் சட்டி வேண்டாம்

ஒருவருக்கு இனிப்புநீர் என்று தெரிந்ததும் பல வீடுகளில் நடப்பது இதுதான்: அப்பாவுக்கு உப்பில்லாத சப்பென்ற காய் ஒரு சட்டியில், மற்றவர்களுக்குத் தேங்காய்ப்பால் கறியும் பொரித்த கோழியும் இன்னொரு சட்டியில். ஒரே மேசையில் உட்கார்ந்து, பேரன் கோழிக்கால் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை நாள் வாயைக் கட்டுவார்? இரண்டாவது வாரம் பசார் மாலாமில் யாருக்கும் தெரியாமல் ஆப்பம் பாலிக் வாங்கித் தின்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு நோயாளிக்கு என்று வந்ததல்ல, எல்லாருக்குமானது. தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ கோழியோ பருப்போ, மிச்சம் பாதி காய்கறியும் பழமும். நம் சமையலுக்கு இது அந்நியமும் இல்லை. முருங்கைக்கீரைப் பொரியலை இரண்டு கரண்டி கூட்டி, சோற்றை ஒரு கரண்டி குறைத்தால் பாதி வேலை முடிந்தது. கடையில் 'கோசோங்' என்றால் சீனி இல்லாமல், 'கூராங் மானிஸ்' என்றால் சீனி குறைத்து வரும். அப்பா கோப்பி ஓ கோசோங் கேட்கும்போது மகனும் அதையே கேட்கட்டும். இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால், மகன் தியாகம் செய்வதாக நினைக்க வேண்டியதில்லை. தன்னையும்தான் காப்பாற்றிக்கொள்கிறான்.

ஏச்சு மருந்தாகாது

"சொன்னா கேக்கிறியா? காலை வெட்டுனாத்தான் உனக்குப் புத்தி வரும்." அன்பில்தான் சொல்கிறோம். கேட்பவருக்கு அது அன்பாகப் போய்ச் சேர்வதில்லை. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று மருத்துவம் சொல்கிறது. சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடக்கப் போகமாட்டார், சர்க்கரை ஏறும். ஏறியதற்கும் ஏச்சு விழும்.

பயமுறுத்துவதை விட்டு வேலையில் பங்கெடுப்பது மேல். இரவில் பாட்டியின் பாதத்தைப் பேத்தி ஒரு டார்ச் வைத்துப் பார்க்கலாம்: விரலிடுக்கில் வெடிப்பு, கொப்புளம், சிவப்பு. நரம்பு மரத்தவருக்குச் சிலிப்பருக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது. ஆறாத புண் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். இது வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

பேசுவதற்கு ஆள் இல்லை என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555 இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டதற்கு இனிப்புநீரே காரணம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூட்டிப் போவது, காத்திருப்பது, திரும்பி வந்து சமைப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரு பெண் தலையில்தான் விழுகிறது. மனைவி, இல்லையென்றால் மருமகள், அதுவும் இல்லையென்றால் கல்யாணமாகாத மகள். "அவள் பார்த்துக்குவா" என்று அண்ணன் தம்பிகள் நிம்மதியாக இருப்பதை நாம் குடும்பப் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். என் கணக்கில் அது ஒதுங்கிக்கொள்வது.

அந்தப் பெண்ணுக்கும் பிரஷர் இருக்கும், அதைப் பார்க்க நேரம் இருக்காது. பெர்கேசோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா. வீட்டு வேலையில் விபத்து நேர்ந்தாலோ, உழைக்க முடியாமல் போனாலோ கைகொடுக்கும். தீபாவளிக்குச் சேலை எடுக்கும் பிள்ளைகள் இதையும் கட்டலாம். வருமானம் குறைந்த குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 'பெக்கா பி40' வழியாக இலவசப் பரிசோதனையும் உண்டு. அவளை அனுப்பிவிட்டு அன்றைக்கு அடுப்பை வேறொருவர் பற்ற வைக்கட்டும்.

கிளினிக் புத்தகத்தைத் திறந்தால் அடுத்த தேதி எழுதியிருக்கும். இந்த முறை வழக்கமாகப் போகிறவர் வீட்டில் இருக்கட்டும். ஒரு நாள் லீவு எடுத்து நீங்கள் கூடப் போங்கள்.