நெடுஞ்சாலைப் பாட்டு – 14: “யாருக்குப் பாடறாருங்க?”

2023 ஆகஸ்ட் கடைசியில் சித் ஸ்ரீராமின் ஆல்பம் ஒன்று வந்தது. ‘சித்தார்த்’ என்று தன் முழுப் பெயரையே அதற்கு வைத்திருந்தார். 2019இல் வந்த ‘என்ட்ரோபி’க்குப் பிறகு அவர் சொந்தமாகச் செய்த இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் இது. வெளியிட்டது டெஃப் ஜாம் இந்தியா. 1984இல் நியூயார்க் பல்கலைக்கழக விடுதி அறையில் ரிக் ரூபின் என்ற மாணவர் தொடங்கிய டெஃப் ஜாம் கம்பெனியின் இந்தியக் கிளை அது. தயாரித்தவர் மினியாபொலிஸ்காரரான ரையான் ஓல்சன். மினியாபொலிஸ் என்றால் பாடகர் பிரின்ஸ் பிறந்து, பாடி, இறந்த ஊர்ப்பக்கம். சோல், ஃபங்க் இசையெல்லாம் அங்கே காற்றோடு கலந்தது என்பார்கள்.

இத்தனை பெருமையோடு வந்த ஆல்பம் புதுச்சத்திரத்துக்கு வந்து சேரவில்லை.

சேலம் – நாமக்கல் நாற்கரச் சாலையில் ஆண்டகளூர் கேட் தாண்டி வருகிற எங்கள் ஊர், பாட்டு விஷயத்தில் பின்தங்கிய ஊர் அல்ல. சென்ற வாரம் எழுதிய கேசட் பதிவுக் கடைகளெல்லாம் போய்விட்டன. ஆனால் டீக்கடை, பேக்கரி, டவுன் பஸ், முட்டை வண்டி என்று நாள் முழுக்க ஏதாவது ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டேதான் இருக்கிறது. அதில் சித் ஸ்ரீராமுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் குரல் தெரியாதவர் இந்தப் பக்கம் கிடையாது. பெயர் தெரியாதவர்கள் நிறையப் பேர். ‘தள்ளிப் போகாதே’ ஓடாத காலேஜ் பஸ் இருந்திருக்காது. 2019 பொங்கலுக்கு ‘விஸ்வாசம்’ வந்த பிறகு, தெரட்டிச் சீர் வீடியோவில் ‘கண்ணான கண்ணே’ இல்லாவிட்டால் வீடியோக்காரருக்குப் பாக்கிப் பணம் வராது என்ற நிலை. இசையமைப்பாளர் இமானுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் அது. எங்கள் ஊர் அப்பன்மார்களை அழவைத்ததற்குத் தனியாக ஒன்று தந்திருக்கலாம்.

‘சித்தார்த்’ ஆல்பத்திலிருந்து ‘டியர் சஹானா’வைப் பண்ணையில் முட்டை ஏற்றக் காத்திருந்த ஒரு லாரி டிரைவரிடம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

“கொரலு நம்ம ஆளுதுங்க. எந்தப் படமுங்க இது?”

“படம் இல்லைங்ணா. அவரே தனியாப் போட்டது.”

“அப்ப யாருக்குப் பாடறாருங்க?”

தனுஷுக்கா, சிம்புவுக்கா, அஜித்துக்கா என்பதுதான் கேள்வி. நான் “அவருக்கே பாடிக்கறாரு” என்றேன். “அப்படீங்களா” என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கப் போய்விட்டார். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த விமர்சனம் எதுவும் இந்த ஒரு கேள்வியின் அருகில் வரவில்லை.

பாட்டுப் புரியவில்லை, இங்கிலீஷ், அதனால் போகவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது சரியான காரணமாகப் படவில்லை. சித் ஸ்ரீராம் தமிழில் பாடும்போதே வார்த்தை கரைந்துபோகிறது, உச்சரிப்பு இடறுகிறது என்று குறை சொல்லிக்கொண்டேதான் கேட்டோம். சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகவே கலிஃபோர்னியாவுக்குப் போய், ஃப்ரீமாண்டில் வளர்ந்தவர். குறை நியாயமான குறைதான். ஆனாலும் ஒரு சொல்கூடத் தெளிவாகக் காதில் விழாத இடத்தில் ரீவைண்ட் செய்து கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டது சொல்லை அல்ல.

இந்த ஆல்பத்தில் கேட்கும் சோல் இசை நமக்கு அந்நியம் என்பதும் பொருந்தாது. ரஹ்மானுக்கு ஈமெயில் எழுதிப்போட்டு வாய்ப்புப் பெற்ற பையன் முதலில் பாடியது மணிரத்னத்தின் ‘கடல்’ படத்து ‘அடியே’. கிறித்தவ மீனவக் கிராமத்துக் கதைக்கு ரஹ்மான் போட்ட மெட்டு அப்பட்டமாக அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயப் பாட்டின் வார்ப்பு. பின்னால் கூட்டுக்குரல்கள் எழும்ப, முன்னால் ஒருவன் அடித்தொண்டையிலிருந்து இழுத்து மேலே ஏறுவான். 2013 பிப்ரவரியில் வந்த படம் வந்த வேகத்தில் போனது, பாட்டு நின்றது. பெயர் தெரியாமலேயே நாம் சோல் இசையைப் பத்து வருஷத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டாயிற்று.

இன்னொன்றும் உண்டு. ‘தள்ளிப் போகாதே’ வந்தது 2015 டிசம்பர் வாக்கில். ‘அச்சம் என்பது மடமையடா’ தியேட்டருக்கு வந்தது 2016 நவம்பரில். ‘மறுவார்த்தை பேசாதே’ இன்னும் வேடிக்கை. 2017 தொடக்கத்தில் இசையமைப்பாளர் பெயரை மறைத்து, ‘மிஸ்டர் எக்ஸ்’ என்று போட்டு வெளியிட்டார்கள். தர்புகா சிவா என்பது பிறகுதான் தெரிந்தது. ‘எனை நோக்கி பாயும் தோட்டா’ வெளியானது 2019 நவம்பரில். கிட்டத்தட்ட மூன்று வருஷம் படமே இல்லாமல் ஒரு படப்பாட்டு ஊரெல்லாம் ஓடியது. படம் வந்தபோது பாட்டு பழசாகியிருந்தது. ஆகவே நம் ஆட்களுக்குக் காட்சி தேவை இல்லை. காட்சி ஒன்று வரப்போகிறது, இந்தக் குரல் இன்னாருடைய வாய்க்குப் போகப்போகிறது என்ற உத்தரவாதம் இருந்தால் போதும், மூன்று வருஷம் காத்திருப்பார்கள்.

சோல் இசையின் கணக்கு நேர் எதிர். அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் 1950களில் தேவாலயப் பாட்டின் உருக்கத்தை எடுத்து வந்து, கர்த்தர் இருந்த இடத்தில் காதலியை நிறுத்தினார். பாவம் செய்துவிட்டார் என்று சபைக்காரர்கள் திட்டினார்கள். அரிதா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் பாதிரியாரின் மகள். அப்பாவின் சபையில் பாடிப் பழகிய குரலை 1967இல் அட்லாண்டிக் கம்பெனி ஆல்பத்தில் தன் காதலையும் தன் கோபத்தையும் பாட வைத்தார். 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தேவாலயத்துக்கே திரும்பிப் போய், இரண்டு இரவு பாடி, ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். கோயிலில் நின்றாலும் வெளியே நின்றாலும், பாடுகிறவர் தன் சார்பாகச் சாட்சி சொல்கிறார். இன்னொருவர் வாயசைக்க இடமே கிடையாது.

நம் பின்னணிப் பாடகர் அந்த இடத்தைக் கொடுத்துத்தான் பிழைக்கிறார். டி.எம்.எஸ். சிவாஜிக்கு ஒரு மாதிரி, எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரி பாடுவார் என்பதை இன்றைக்கும் திறமையின் உச்சமாகத்தான் சொல்கிறோம். சரிதான். ஆனால் டி.எம்.எஸ். தனக்காக எப்படிப் பாடுவார் என்று கேட்கத் தோன்றியதா? எனக்கும் தோன்றியதில்லை.

‘சித்தார்த்’ அந்தக் கேள்விக்கு ஒருவர் தானாகவே முன்வந்து சொன்ன பதில். சித் ஸ்ரீராம் அம்மா லதா ஸ்ரீராமிடம் கர்நாடக சங்கீதம் கற்றவர். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். மார்கழியில் சென்னை வந்து கச்சேரியும் பாடுகிறவர். இந்த ஆல்பத்தில் கச்சேரியைத் தொட்டுக்கொள்ளப் போட்ட ஊறுகாய் போல ஓரத்தில் வைக்கவில்லை என்பது நல்ல விஷயம். இங்கிலீஷ் வரியின் கடைசி உயிரெழுத்தில் கமகம் தானாக வந்து உட்காருகிறது. சஹானா என்று தலைப்பிலேயே ஒரு ராகத்தின் பெயரை அழைத்துவிட்டு அதற்குக் கடிதம் எழுதுகிற துணிச்சல் எனக்குப் பிடித்தது.

பிடிக்காததையும் சொல்லவேண்டும். தனக்காகப் பாட வந்தவர் தன் குரலை அடுக்கு மேல் அடுக்காகப் போர்த்தி வைத்திருக்கிறார். சினிமாவில் ஒற்றைக் குரலாகத் தொண்டை கிழிய நின்றவர், சொந்த வீட்டில் திரைக்குப் பின்னால் போகிறார். ‘டூ தி டான்ஸ்’ போன்ற துள்ளல் பாட்டு இரண்டாம் தடவை கேட்கும்போது பிடிபடுகிறது. மற்ற சில பாட்டுகள் எனக்கு நாலாவது தடவையும் பிடிபடவில்லை. முனகிக்கொண்டே போகத் தோதான பல்லவி குறைவு. லாரி ஓட்டுகிறவருக்கு அது முக்கியம். ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பூர்க் கணவாய் இறங்கிப் பார்க்கட்டும்.

2024 ஏப்ரலில் அவர் கலிஃபோர்னியாவில் கோச்செல்லா மேடையில் பாடியபோது தமிழ்நாடு முழுக்கச் செய்தி வந்தது. நம் பையன், எவ்வளவு பெரிய மேடை என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. என்ன பாட்டுப் பாடினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய தனிப்பாட்டுக்கு இங்கே கிடைத்த வரவேற்பு ஏறக்குறைய இதுதான்: ஆளைக் கொண்டாடினோம், ஆல்பத்தைத் திறக்கவில்லை.

படமில்லாத பாட்டு இங்கே ஓடவே ஓடாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2021 மார்ச்சில் பாடகர்கள் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்ஜாயி எஞ்சாமி’ புதுச்சத்திரத்தில் ஆட்டோ ஹாரன் வரைக்கும் போனது. அதில் எந்த ஹீரோவும் இல்லை. ஆனால் “யாருக்குப் பாடறாங்க?” என்ற கேள்விக்கு அந்தப் பாட்டிலேயே பதில் இருந்தது. பாட்டனும் பாட்டியும் காடும் கழனியும் என்று கேட்கிறவனின் வீட்டு ஆட்களையே அது கூப்பிட்டது. பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னது வேறு கதை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தனிப்பாட்டுக்காரர் பாடு கஷ்டம்தான்.

இதற்கெல்லாம் முன்பே, சினிமாவில் அடுத்தவருக்காகப் பாடிப் பாடி, ஒரு கட்டத்தில் அங்கே வாய்ப்புக் குறைந்து, படமே இல்லாத கேசட்டுகளால் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மைக்செட்டையும் பிடித்துக்கொண்ட பாடகி ஒருவர் இருக்கிறார். ஆடி பிறந்தால் எங்கள் மாரியம்மன் கோயில் புளியமரத்துக் குழாயில் காலை ஐந்து மணிக்கே அவர் குரல் தொடங்கிவிடும். அந்தப் பாட்டு யாருக்கு என்று எந்த டிரைவரும் கேட்க மாட்டார். எல்.ஆர். ஈஸ்வரியைப் பற்றி அடுத்த வாரம்.