பினாங்குத் திரையில் நிறம் இழக்கும் பழைய கணினிகள்

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் கடைகளுக்குச் சென்னையிலிருந்து வந்த வீடியோ கேசட்டுகள் பினாங்கு வீடுகளில் நிறம் குன்றாமல் ஓடியதற்கும், அமெரிக்காவிலிருந்து வந்த ஆப்பிள் II கணினி அதே தொலைக்காட்சிகளில் கறுப்பு வெள்ளையாகவே தெரிவதற்கும் காரணம் ஒன்றே. 1978 டிசம்பரில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிய மலேசியாவும் 1982இல் தொடங்கிய இந்தியாவும் ‘பேல்’ என்ற ஐரோப்பிய முறையை ஏற்றன. அமெரிக்காவோ 1953இல் வகுத்த ‘என்டிஎஸ்சி’ முறையிலேயே நின்றது. பேல் முறையில் 625 கோடுகளும் நொடிக்கு 50 வருடல்களும் உண்டு. என்டிஎஸ்சியில் கோடுகள் 525, வருடல்கள் ஏறத்தாழ 60. இவற்றைவிட முக்கியமானது, நிறத்தைச் சுமந்து வரும் துணை அலை: முன்னதில் அதன் அதிர்வெண் 4.43 மெகாஹெர்ட்ஸ், பின்னதில் 3.58 மெகாஹெர்ட்ஸ்.

இந்த வேறுபாட்டால் மிகுதியும் பாதிக்கப்படுவது ஆப்பிள் II. 1977இல் வெளிவந்த அக்கணினியில் நிறத்தைத் தனியே உருவாக்கும் சுற்று ஏறக்குறைய இல்லை; ஸ்டீவ் வோஸ்னியாக் புள்ளிகளின் வேகத்தைத் துணை அலையோடு பிணைத்து அமைத்ததால், திரையில் எந்த இடத்தில் புள்ளி விழுகிறது என்பதைக் கொண்டே அமெரிக்கத் தொலைக்காட்சி அதனை நிறமாகப் படித்துக்கொண்டது. சில்லுகள் விலையுயர்ந்திருந்த காலத்தில் இது வியக்கத்தக்க சிக்கனம். ஆனால் பேல் பெட்டி தேடும் அலை வேறாகையால் அது நிறத்தைக் கைவிட்டு வெளிச்சத்தை மட்டும் காட்டுகிறது. 60 வருடல்களைப் பிடிக்க இயலாத பெட்டியில் படம் உருளவும் செய்யும்.

பிரிட்டனிலிருந்து வந்த பேல் கமடோர் 64 கணினி வேறு வகையில் இடறும். ஆன்டெனா வழியாக இணைத்தால் வண்ணப்படம் சரியாகக் கிடைத்தும் ஒலி கிடைக்காது. பிரிட்டனில் ஒலி அலை பட அலையிலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும், மலேசியாவில் 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் வைக்கப்பட்டிருந்ததே காரணம். படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கம்பிகளில் ஏவி துளைகளுக்குக் கொண்டுசென்றால் இக்குறை நீங்கும்.

1981இல் வந்த ஐபிஎம் கணினியின் சிஜிஏ வண்ண அட்டை, சிவப்பு, பச்சை, நீலம், கூடுதல் ஒளி ஆகிய நான்கையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புவதால், உரிய மானிட்டர் கிடைத்தால் துணை அலையின் சிக்கலே எழாது. அக்கணினியின் மூளையான இன்டெல் 8088 சில்லுகள் பலவற்றின் முதுகில் ‘மலேசியா’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். இன்டெல் 1972இலேயே பினாங்கின் பாயான் லெப்பாசில் ஆலை தொடங்கியது. இத்தீவின் தொழிலாளர் உழைப்போடு உறவுடைய இயந்திரங்களைப் பழைய இரும்பாக எடைபோட்டு விற்பது வருந்தத்தக்கது.

அந்த உரிய மானிட்டர் இல்லாத நிலையில் விஜிஏ மானிட்டரில் நேராகச் செருகுவது தவறு. சிஜிஏ நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகளை வரைய, விஜிஏ மானிட்டர் 31,500 கோடுகளை எதிர்பார்க்கிறது; மேலும், முன்னதன் 5 வோல்ட் வரையிலான சமிக்ஞை, 0.7 வோல்ட்டுக்கு அமைந்த பின்னதன் உள்வாயிலைக் கெடுக்கக்கூடும். மின்னழுத்தத்தைக் குறைத்துக் கோடுகளை இரட்டிப்பாக்கும் மாற்றுப்பலகை இடையில் வேண்டும். அமெரிக்கக் கணினியாயின், 240 வோல்ட்டை 120 ஆக்கும் மின்மாற்றியை அனைத்திற்கும் முன்னதாகத் தேட வேண்டும்.

ஆப்பிள் IIக்கோ மாற்றுப்பலகைகளைவிட எளிய வழி உண்டு. இப்பகுதியில் 1990களில் விற்ற படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் பல, ஏவி துளை வழியே பேல், என்டிஎஸ்சி ஆகிய இரு முறைகளையும் ஏற்கும் திறனுடையவை. பின்புறச் சீட்டிலோ கையேட்டிலோ ‘என்டிஎஸ்சி 3.58’ என்று குறித்திருந்தால், ஆப்பிள் II தன் நிறங்களை அதில் காட்டும்; தட்டைத் திரைகள் படத்தை மாற்றியமைக்க எடுத்துக்கொள்ளும் தாமதமும் அதில் இராது. அத்தகைய பெட்டியின் முதுகை மட்டும் பயிற்சியற்றவர் திறக்கலாகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும்.