மூணு சுழியும் மின்திரையும்

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களில் வெட்டியிருக்கிற வட்டெழுத்தை நேரே நின்று பார்த்தால் சுலபத்தில் பிடிபடாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். கல் நகராது, வாசிக்கிறவன்தான் நகரணும். அச்சுப் புத்தகமும் ஏறக்குறைய இப்படித்தான். 1967இல் ரொலான் பார்த் ஆசிரியன் இறந்துவிட்டதாக அறிவித்தபோதுகூட அச்சுக்கோப்பவனின் அதிகாரத்தை யாரும் தொடவில்லை. எழுத்து எவ்வளவு பெரியது, வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் என்பதெல்லாம் அவன் முடிவு. மின்நூல் வாசிப்பான் அதை வாசகன் கையில் கொடுக்கிறது. கொடுப்பதாகச் சொல்கிறது என்பதே சரி.

பென்னாகரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், என்னிடம் குறைப்பட்டார்: "எழுத்தைப் பெரிசாக்கினா வரிக்கு ரெண்டு வார்த்தைதான் நிக்குது, சார். வாக்கியம் முடியறதுக்குள்ள ஆரம்பம் மறந்துபோகுது." ஆறங்குலத் திரை. விகுதிமேல் விகுதி ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்கள். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கருவி அடம்பிடிப்பதால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை. இடப்பக்கம் மட்டும் நேராக்கி, ஓரங்களைக் குறைத்து, அளவை இரண்டு படி இறக்கினேன். வரியிடைவெளியை மட்டும் ஏற்றினேன். மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகரச் சுழிப்பும் உள்ள நம் எழுத்து நெருக்கினால் முட்டிக்கொள்ளும். பிறகு எழுத்தைத் தடிக்கவைத்தேன். 'மூணு சுழி ண, ரெண்டு சுழி ன' என்று அவரே வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்: ஒரு சுழியில் அர்த்தம் மாறுகிறது. மெல்லிய கோடு சாம்பல் திரையில் மங்கினால் 'மணம்' எது, 'மனம்' எது? அவருக்கு வேண்டியிருந்தது பெரிய எழுத்தல்ல, அழுத்தமான எழுத்து.

ஆனால் இந்தச் சுதந்திரமெல்லாம் குறியேற்றம் அனுமதிக்கிற வரைதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வெறும் தோற்றம்; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண். எழுத்துருவை மாற்றினால் பக்கம் பிதற்றலாகிவிடும். யூனிகோடில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழக அரசு அதை ஏற்றது 2010இல். அதிலும் 'கொ' என்பதில் ககரத்தின் இருபுறமும் குறியைப் பிரித்துவைக்கக் கருவிக்குத் தெரியணும், தெரியாவிட்டால் புள்ளிவட்டம்தான். அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியது 2016இல்தான். அதற்கு முன்பே, 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தார் ஆறங்குலத்துக்கென்றே தனி பி.டி.எஃப். செய்து கொடுத்தார்கள். எழுத்து உடையாது, அளவையும் மாற்ற முடியாது. மறுபடியும் அச்சுக்கோப்பவன்!

ஆசிரியர் தேடிய பழைய இலக்கண உரை பக்கம்பக்கமாய்ப் படமெடுத்த கோப்பாகத்தான் கிடைத்தது. அதில் எந்தப் பொத்தானும் உதவவில்லை. திரைமேல் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.