கப்பலிலும் பெரட்டு உண்டு!

உல்லாசக் கப்பல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும், வாசகர்களே? எனக்குப் பல ஆண்டுகளாக நினைவுக்கு வந்தது, பள்ளி அலுவலகச் சுவரில் தொங்கிய நாள்காட்டிப் படத்திலிருந்த வெள்ளைக் கப்பல்தான். அதில் ஏறுகிறவர்கள் வேறு உலகத்து மனிதர்கள், பால்மரத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிட்டேன். அப்படிப்பட்ட நானே பள்ளி விடுமுறையில் மூன்று இரவு கப்பலில் தூங்கிவிட்டு வந்திருக்கிறேன். என் கணவர், பதினொரு வயது மகன், எட்டு வயது மகள், எழுபத்தைந்து வயது அம்மா என்று நாங்கள் ஐந்து பேர்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்காமல் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது கணக்குப் புத்தகத்தில் 5,800 வெள்ளிக்குச் சற்று மேலே நின்றது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது அல்லவா, அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு தொழிலாளியின் மூன்றரை மாத உழைப்பு இது. இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். கடன் வாங்கிப் போகிற காரியம் இதுவல்ல. கடப்பிதழுக்குத் தனிச் செலவு: பெரியவர்களுக்கு 200 வெள்ளி, அறுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 100 வெள்ளி.

பணத்தைவிடப் பெரிய தடை அம்மாதான். "கப்பலா? நான் வரல. கப்பல்னாலே அழுகைதான். நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரே பிடியாக நின்றார்.

அதற்குக் காரணம் உண்டு. என் தாத்தா 1937-இல் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு வயதுப் பிள்ளையையும் தூக்கி வந்தார். அந்தப் பிள்ளைதான் என் பெரிய மாமா. அம்மா பிறந்தது 1950-இல், இங்கே, தோட்டத்து லயத்தில். அம்மாவுக்கு நீல அடையாளக் கார்டு கிடைத்தது. மாமாவுக்குக் கிடைத்தது சிவப்பு. பிரஜாவுரிமைக்கு மனு எழுதிப் போட ஆளில்லை, அதன் அவசியத்தை எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் நடப்புக்கு வந்தது. பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் வளர்ந்து, இங்கேயே மரம் வெட்டிய மாமாவுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. 1970-இல் மனைவி மக்களோடு போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜுலா கப்பலேறினார். நம் தோட்டங்களிலிருந்து அப்படிப் போனவர்கள் பல்லாயிரம் பேர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார்.

அன்று கரையில் நின்று கையசைத்த இருபது வயதுப் பெண் என் அம்மா. அதன் பிறகு அண்ணனை அவர் பார்க்கவே இல்லை. நீல நிறத்து விமானக் கடிதங்கள் வந்தன, பிறகு அதுவும் நின்றது.

பேத்திதான் பாட்டியை மாற்றினாள். "பாட்டி, நீங்க வரலன்னா எனக்குப் பக்கத்துல யாரு படுப்பா?" என்று ஒரு வாரம் நச்சரித்தாள். அம்மா ஊறுகாய்ப் போத்தலையும் விக்ஸ் டப்பாவையும் முதலில் எடுத்து வைத்தார். அதோடு வருவதாக முடிவாகிவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

பயணக் கப்பல் நிற்பது பழைய துறைமுகத்தில் அல்ல, பூலாவ் இண்டாவில். காரை விட்டு இறங்கிய அம்மா சுற்றிலும் பார்த்து, "இது அந்த எடமில்ல" என்றார். அவ்வளவுதான், அதன் பிறகு நடை இலகுவாயிற்று. கப்பலை அண்ணாந்து பார்த்த மகன், "அம்மா, இது நம்ம பள்ளிக்கூடத்தை இருபது தடவை அடுக்கின மாதிரி இருக்கு!" என்று கூவினான். மிகையில்லை. கப்பல் ஒன்றரை லட்சம் டன். ரஜுலா ஏறக்குறைய எட்டாயிரத்து ஐந்நூறு டன்தான். (இங்கே டன் என்பது எடையல்ல, கப்பலின் உள்ளளவைக் குறிக்கும் கணக்கு. ஆசிரியர் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1926-இல் கட்டப்பட்ட அந்தச் சிறிய கப்பலில் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. அவர்கள் தங்கள் பாயைத் தாங்களே விரித்துத் தளத்துப் பலகையில் படுத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலைக் கடந்தார்கள். எங்களுக்கோ படுக்கை விரித்துக் கொடுக்க ஓர் ஆள்!

ஏறியதும் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்கு ஓடப் பார்த்தார்கள். விடவில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எல்லாரும் அவரவருக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டுமாம். ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல். அதுதான் ஆபத்து அடையாளம். மிதவைச் சட்டை அணிவதைச் செய்து காட்டினார்கள். பணியாளர் அட்டைகளைச் சரிபார்த்து ஆள் எண்ணினார். அம்மா என் காதருகே குனிந்து, "ஏம்மா, இங்கேயுமா பெரட்டு?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கிராணி பேர் கூப்பிட, இருட்டில் வரிசையில் நின்ற முப்பத்தைந்து வருடப் பழக்கம் சும்மா போகுமா?

இந்தப் பெரட்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் கடற்பயணப் பாதுகாப்புக்கென்று 1914-இல் அனைத்துலக ஒப்பந்தம் எழுதினார்கள். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதியபோது, புதிதாக ஏறியவர்கள் பலர் இன்னும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அதனால் 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். நீங்கள் போனால் அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்காதீர்கள்.

அடுத்து அறை. விலை குறைவு என்று ஜன்னல் இல்லாத உள்ளறையை எடுத்திருந்தேன். இது என் தவறு. விளக்கை அணைத்தால் உள்ளங்கை தெரியாது. அம்மா நாலு சுவரையும் தடவிப் பார்த்து, "லயத்துக் காம்பராவுலகூட ஒரு ஜன்னல் இருந்துச்சு" என்றார். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்து, கடல் தெரியும் அறையாக எடுங்கள்.

புறப்படும் நேரம் வந்தது. மேல்தளத்தில் கூட்டம், பாட்டு, வண்ணக் காகிதம். திடீரென்று கப்பல் நீளமாக ஊதியது. நெஞ்சுக்குள் அதிர்கிற சத்தம் அது. அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. விரல் தடம் பதிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைய இரவு "கடற்கொள்ளையர் இரவு". இந்தக் கப்பல் விடுமுறைகளில் பிள்ளைகளுக்கென்று ஏதாவது ஒரு வேடிக்கைக் கதையைப் பிடித்துக்கொண்டு, உணவு மேசையிலிருந்து நாடகம் வரை அதற்கேற்ப அலங்காரம் செய்கிறார்கள். கார்ட்டூன் பொம்மைகளுக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனம் ஒன்று 1998 முதல் இதை நடத்துகிறது. மற்ற கப்பல்காரர்களும் விடவில்லை. பணியாளர்கள் தலையில் சிவப்புத் துணி, ஒற்றைக் கண்ணில் கறுப்புத் திரை. மகனுக்கு அட்டை வாள் கிடைத்தது. மகளுக்குப் புதையல் வேட்டைத் துண்டுச் சீட்டு. பாட்டு, ஆட்டம், பளபளக்கும் விளக்கு என்று குழந்தைகள் பெற்ற குதூகலத்தைச் சொல்லி மாளாது.

என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. "திருடனுக்கு வேஷம் கட்டிக் கொண்டாடுறதா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. நாங்கள் மிதந்துகொண்டிருந்த மலாக்கா நீரிணையிலேயே உண்மையான கொள்ளையர் தொல்லை அதிகமாகி, 2004-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து கடற்படை ரோந்தைத் தொடங்கின. 2008-இல் தாய்லாந்தும் சேர்ந்தது. இதை மகனிடம் சொன்னேன். "அப்போ நான் கடற்படை" என்று வாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

பத்து மணி இருக்கும். அறையில் அம்மா இல்லை. எனக்குக் கைகால் ஓடவில்லை. பதினெட்டு அடுக்குக் கப்பலில் எங்கே தேடுவது? உணவுக்கூடத்தில் இல்லை, நாடகக் கொட்டகையில் இல்லை. ஒரு பிலிப்பீன் பணிப்பெண் சைகையால் கீழ்த்தளத்தைக் காட்டினாள். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் நடைபாதையில், கம்பி ஓரத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மேலே டமடமவென்று கொள்ளையர் பாட்டு. கீழே தண்ணீர் கிழிபடும் ஓசை மட்டும். தூரத்தில் சரக்குக் கப்பல்களின் விளக்குகள், வரிசையாகத் தோட்டத்துத் தெரு விளக்கு மாதிரி.

திட்டத்தான் வாய் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"நாகப்பட்டணம் எந்தப் பக்கம்மா?"

கப்பல் பினாங்கு நோக்கி வடமேற்காகப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கத்தைக் காட்டி, "இப்படியே போய், சுமத்ரா முனையைத் தாண்டி, மேற்கே திரும்பணும்" என்றேன்.

"அப்போ அண்ணன் இந்த வழியாத்தான் போயிருக்கும்."

"ஆமாம்மா. கிள்ளான்ல ஏறி, பினாங்கு, அப்புறம் நாகப்பட்டணம், மெட்ராஸ்."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னார்: "அன்னிக்கு நான் கரையில நின்னு கப்பலைத்தான் பார்த்தேன். அது கப்பல்ல நின்னு எதைப் பார்த்துச்சுன்னு இத்தனை வருஷமும் நெனச்சுக்கிட்டே இருந்தேன். இன்னிக்குப் பார்த்துட்டேன். கரை விளக்கு ஒன்னொன்னா சின்னதாப் போவுது. ரொம்ப நேரம் தெரியுது. நான் கொஞ்ச நேரத்துல மறைஞ்சிடும்னு நெனச்சேன்."

நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் இருந்தோம். மாமாவைப் பற்றி எனக்குத் தெரியாத பலவற்றைச் சொன்னார். தங்கைக்கு நாலாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தானாம். கப்பலேறும்போது, வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாராம், அங்கே ரப்பர் மரம் இருக்காதென்று தெரிந்தும்.

மறுநாள் விடியற்காலையில் "சுமத்ரா" என்று மீனவர்கள் சொல்லும் திடீர்க் காற்றுமழை அடித்தது. கப்பல் அசைந்தும் அசையாமலும் நின்றது. பக்கங்களில் மீன் துடுப்புப் போல் இரண்டு தகடுகள் நீருக்குள் நீண்டு ஆட்டத்தை அடக்குகின்றனவாம். விக்ஸ் டப்பாவுக்கு வேலை வரவில்லை.

பினாங்கில் சுவெட்டன்ஹாம் படகுத்துறையிலேயே கப்பல் கட்டுகிறது. வாடகை வண்டிக்காரர்கள் மொய்ப்பார்கள், தேவையில்லை. நடந்தே போகலாம். மணிக்கூண்டைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் குட்டி இந்தியா. குவீன் வீதியில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்கி அம்பாளுக்குக் கொடுத்தார். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது, எங்கள் யார் பெயரையும் சொல்லாமல் மாமாவின் பேரன் பேத்திகள் பெயரைச் சொன்னார். விமானக் கடிதத்தில் வந்த பெயர்களை இன்னும் மறக்கவில்லை.

புக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விரிகுடாவில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கினார்கள். வெயில், கூட்டம், விலை. பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள், போதும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஹலால், சைவம் இரண்டும் தனித்தனியாக உண்டு. காலையில் இட்லிகூட வைத்தார்கள், சாம்பார்தான் இனித்தது. ஆனால் வேண்டுமட்டும் எடுக்கலாம் என்றதும் தட்டில் மலைபோல் குவித்துப் பாதியை விட்டுப் போகிறவர்களைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. என் மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பாட்டி மிச்சத்தை எடுத்துத் தின்றதைப் பார்த்த பிறகு திருந்தினான்.

இறங்கும் நாளில் இன்னொரு பாடம். சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று தனியாகச் சேர்க்கிறார்கள். சீட்டு வாங்கும்போதே அதையும் துறைமுகக் கட்டணத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கைத்தொலைபேசியைக் கப்பல் புறப்பட்டதும் விமான நிலையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் அது கரைக் கோபுரத்தை விட்டுத் துணைக்கோள் வழியாகப் பேசும் கப்பல் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். மகன் அப்பாவின் தொலைபேசியில் விளையாடியதற்கு எங்களுக்கு வந்த பில் 140 வெள்ளி.

காரில் திரும்பும்போது அம்மா பின்சீட்டில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்: "நாகப்பட்டணத்துக்கு இப்பவும் கப்பல் போவுதா?"

ரஜுலாவை 1974-இலேயே உடைத்துவிட்டார்கள் என்றேன். பிறகு ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தச் சேவையும் போயிற்று. 2023-இல் நாகப்பட்டினத்தில் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள், ஆனால் அது இலங்கையின் காங்கேசன்துறைக்கு. நமக்கு இனி விமானந்தான், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் என்றேன்.

அம்மா கைப்பையைத் திறந்து புதுக் கடப்பிதழை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இது எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?"

"அஞ்சு வருஷம், அத்தை" என்றார் என் கணவர்.

"அந்தச் சீட்டை அடுத்த மாசமும் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கடப்பிதழைப் பத்திரமாகப் பைக்குள் வைத்து மூடினார்.